நாகமுத்துவின் இடுப்புப் பட்டை

என் இடது முன்கைக்குள் ஆறு திருகாணி முடுக்கிய ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. அதை வைத்தது அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர். எலும்பை உடைத்தது என் புருஷன் நாகமுத்து. எங்கள் ஊர் ஜாசின் பக்கம் விசாரித்தால், முருகன் உடைத்தார் என்று சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முருகனுக்கு வேறு வேலை இல்லையா? லோரிக்காரன் பெண்டாட்டியின் கையை முறிக்கவா மயிலேறி வருவார்? நடந்தது எனக்குத் தெரியும். அதில் என் பங்கு எவ்வளவு என்பதும் தெரியும்.

நாகமுத்து யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தது ஜாசினுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது லயத்து வீட்டுச் சனம் ஆளுக்கொரு பக்கம் போனது. இவர் பதினெட்டு வயதில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்கு எடுபிடியாக, ஏறினார். மூன்று வருஷத்தில் ஸ்டியரிங் அவர் கைக்கு வந்தது. அன்றிலிருந்து தோட்டத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் இடையில்தான் அவர் பிழைப்பு. இருபது வருஷக் குடித்தனத்தில் என்னை ஓர் அடி அடித்ததில்லை. தீபாவளிக்குக் கோழி அறுக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். அறுத்து முடிகிற வரை உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாமாவுக்குக் கை நீட்டவே தெரியாது என்று என் தம்பி நிவேந்திரன் கேலி செய்வான்.

சாப்பாட்டுத் தட்டுக்கு மட்டும் நன்றாக நீட்டுவார். காலையில் நாலு ரொட்டி சானாய், பால் தூக்கலாக ஒரு தே தாரிக் டீ. ஆலை வாசலில் லோரி வரிசையில் நிற்கும்போது இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. நாற்பத்தேழு வயதில் நூற்றுப் பன்னிரண்டு கிலோ, கூடவே ரத்தக் கொதிப்பு. கிளினிக்கில் தினமும் இரண்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள், ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எங்கள் ஒரே மகள் யுகேஸ்வரிக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் அணுக்கள் குறைந்து பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. இவர் வார்டு வாசலில் நின்று, என் பிள்ளை எழுந்தால் பங்குனி உத்திரத்துக்கு என் பழைய காவடியை எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்தாள். அந்தக் காவடி இவர் இருபத்து நாலு வயதில் லோரிப் பட்டறையில் தானே வெல்டு செய்தது. கல்யாணத்தோடு மஞ்சள் துணியில் சுற்றி முகட்டில் கட்டி வைத்திருந்தார்.

விரதம் தொடங்குவதற்கு முந்தின நாள் அதை இறக்கினோம். தோள் கம்பி பொருந்தியது. இடுப்பில் பூட்டும் இரும்புப் பட்டைதான் மாட்டவில்லை. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நிவேந்திரன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். ஒரு துண்டு இரும்பை வைத்து வெல்டு செய்தால் தீர்ந்தது என்று நான் சொன்னேன். கோயில் திருட்டுக்கு யோசனை சொன்னவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“சாமிகிட்ட சொன்னது இந்தக் காவடி, வேணி. ஒட்டுப் போட்ட காவடி இல்ல. நாப்பத்தெட்டு நாள் இருக்கு. உடம்பு எறங்கும்.”

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விரதத்துக்கு ஒரு மாதம் முன்னால் அங்கே கூட வேலை செய்யும் ஒருத்தி போனில் படம் காட்டி மெலிகிற மாத்திரை விற்றாள். பச்சை நிறக் கூடு, அறுபது மாத்திரை, டப்பாவில் முழுக்க முழுக்க மூலிகை என்று போட்டிருந்தது. எனக்கும் எண்பது கிலோ. வாங்கினேன். மூன்று நாள் சாப்பிட்டேன். பசி செத்துப்போனது. நாக்கு வறண்டது, தூக்கம் இல்லை, நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. நாலாம் நாள் ஒன்றுமில்லாத காரியத்துக்கு மேற்பார்வைக்காரியின் முகத்தில் கையுறைக் கட்டை வீசி எறிந்தேன். எனக்கே பயமாகிவிட்டது. அன்று சாயந்திரம் ஜாசின் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் கரீமா அக்காவிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் மருந்து படித்தவர். முதலில் என் ரத்தக் கொதிப்பைப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

“அரசாங்கத்துல பதிஞ்ச மால் நம்பர் இல்ல, ஹோலோகிராம் ஸ்டிக்கர் இல்ல. யாரு செஞ்சாங்கன்னே தெரியாது. மூலிகைன்னு எழுதி உள்ளுக்குத் தடை பண்ணின மருந்தப் போட்டு விக்கிறாங்க தங்கச்சி. இது பசிய மட்டும் அடக்காது, ரத்தக் கொதிப்ப ஏத்திவிடும், மூளையக் கெளப்பிவிடும். பிரஷர் உள்ளவங்க தின்னா ஸ்ட்ரோக்தான். தூக்கிப் போட்டுரு.”

உடம்பைக் குறைக்க டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்தும் இருக்கிறது, அதைக்கூடக் கொதிப்பும் இருதயமும் பார்த்துத்தான் கொடுப்பார்கள், மாதாமாதம் வரச் சொல்வார்கள், சும்மா கடையில் வாங்கித் தின்கிற சாமான் இல்லை என்றும் சொன்னார். அந்த மாத்திரைக் கூடு எந்த மிருகத்தின் எலும்பில் செய்ததோ, அதுகூடப் போடவில்லை என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு அடுப்படி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். ஏன் தூக்கிப் போடவில்லை? என்றைக்காவது பாதி மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்ற நப்பாசை. வேறு ஒரு காரணமும் இல்லை.

நான் முதலில் சாப்பிட்டபோது இவர் பார்த்து என்னவென்று கேட்டிருந்தார். உடம்பு குறைக்கிற மூலிகை என்று சொல்லியிருந்தேன். விரதத்தின் ஆறாம் நாள் டின்னைத் திறந்தால் பத்துப் பதினைந்து மாத்திரை குறைந்திருந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், விரத காலத்தில் இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று கிளினிக் மாத்திரையை அவர் முதல் நாளே நிறுத்திவிட்டார். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாதவர், எந்த மாட்டு எலும்போ தெரியாத கூட்டைக் காலையில் விபூதி பூசிக்கொண்டு விழுங்கினார். மூலிகைதானே.

சொல்லியிருக்கலாம். அன்றே கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பசி இல்லை. மத்தியானம் ஒருவேளைச் சோற்றிலும் பாதியை மிச்சம் வைத்தார். அவருடைய அக்கா ராஜம்மா அந்த இலையைப் பார்த்துவிட்டு, தம்பியின் பசியை முருகனே எடுத்துக்கொண்டார் என்று ஊரெல்லாம் சொன்னார். தோட்டத்து முருகன் கோயில் பூசாரி வீரமுத்து வெள்ளிக்கிழமைப் பூசையில் எல்லார் முன்னாலும் இவர் பெயரைச் சொல்லி, விரதம் என்றால் இதுதான் விரதம் என்றார். அன்றைக்கு மஞ்சள் குங்குமத் தட்டை முதலில் எனக்கு நீட்டினார்கள். பிறந்ததிலிருந்து என்னை யாரும் எதற்கும் முதலில் கூப்பிட்டதில்லை. எனக்கு அது இனித்தது. பட்டையின் இடைவெளியும் வாரத்துக்கு இரண்டு விரல் குறைந்துகொண்டே வந்தது. கரீமா அக்கா சொன்னதெல்லாம் எனக்கு நடந்தது, அவருக்கு நடக்காமலும் போகலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இருபத்திரண்டாம் நாள் ஆலை வாசலில் முதல் அடி விழுந்தது. பிரவின் என்ற இன்னொரு டிரைவர் வரிசையில் குறுக்கே நுழைந்துவிட்டான். எப்போதும் நடக்கிற காரியம். நாகமுத்து இறங்கிப் போய், அவன் சட்டையைப் பிடித்து லோரி ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்தார். கீழே விழுந்தவனின் வாயில் பூட்ஸ் காலால் மிதித்தார். இரண்டு பல் தெறித்தது. அவன் கையைக் கூப்பியும் விடவில்லை, தலைமுடியைப் பிடித்து டயரில் மோதினார். ஆறு பேர் சேர்ந்து பிரித்தார்கள். அவன் போலீசுக்குப் போயிருக்க வேண்டும். வீரமுத்து போய்ப் பேசினார். விரதத்தில் இருப்பவரின் கோபம் சாமியின் கோபம் என்றார். மறுநாள் பிரவின் வீங்கிய வாயோடு எங்கள் வீட்டுக்கு வந்து இவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். மிதி வாங்கியவன் மன்னிப்புக் கேட்கிறான். எனக்குக் கூச்சமாக இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒன்றும் முழுசாக இல்லை. கதவு சத்தம் போட்டது என்று கதவை உடைத்தார். யுகி சிரித்தாள் என்று அவள் போனைச் சுவரில் அடித்தார். கண் சிவந்தே இருந்தது. தூங்குவதே இல்லை. கேட்டால், தூக்கம் எதற்கு, சாமி கூட இருக்கிறார் என்பார்.

முப்பத்தைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் உறுமி மேளம் பழகிக்கொண்டிருந்தார்கள். உறுமி அடிப்பவன் என் தம்பி நிவேந்திரன். இவர் நிற்காமல் பிராகாரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கொஞ்சம் உட்காருங்கள் மாமா என்று தோளைத் தொட்டான். அவ்வளவுதான். உறுமியின் தோலில் காலை விட்டுக் கிழித்தார். அவன் கழுத்தைப் பிடித்துத் தூணில் தலையை மோதினார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. நாலு ஆண்கள் பாய்ந்தும் அசைக்க முடியவில்லை. வீரமுத்து ஓடிவந்தார். பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“யாரும் தொடாதீங்க. சாமி எறங்கியிருக்கு.”

முனியாண்டி சந்நிதியில் தொங்கிய சாட்டையை எடுத்து வந்து நாகமுத்துவின் கையிலேயே கொடுத்தார். சாமி சாட்டை கேட்டால் கொடுக்க வேண்டும், அடி வாங்கினால் பீடை கழியும் என்பது எங்கள் வழக்கம். சனம் வரிசையாக நின்று கையை நீட்டியது. நாகமுத்து அடித்தார். சாமி வந்தவர் ஒருவருக்கு ஒன்று என்று அடிப்பார். இவர் எண்ணவில்லை. ஒரு கிழவரின் மணிக்கட்டுத் தோல் உரிந்து தொங்கியது. ரத்தம் வழிய நின்ற நிவேந்திரனும் கையைக் கூப்பினான். ராஜம்மா என் முதுகைப் பிடித்து முன்னே தள்ளினார். சாட்டை என் ரவிக்கையைக் கிழித்து இடுப்பு வரை இறங்கியது. பாக்கியம் செய்தவள் என்று பின்னால் இருந்த பெண்கள் சொன்னார்கள். முதுகு எரிய எரிய நான் அந்த மைலோ டின்னைத்தான் நினைத்துக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை. அத்தனை பேர் கும்பிட்ட பிறகு, அது சாமி இல்லை, நான் வாங்கிய மாத்திரை என்று எந்த வாயால் சொல்வது?

அந்த டின் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. என் போனில் இருந்த விற்பனைக்காரியின் நம்பரைப் பார்த்து அவரே இன்னொரு டப்பா வரவழைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாற்பத்தோராம் நாள் சனிக்கிழமை. அன்று காலையில் பட்டை பூட்டிக்கொண்டது. திருகாணி உள்ளே இறங்கிய சத்தத்தைக் கேட்டு அவர் அழுதார். இருபத்திரண்டு கிலோ இறங்கியிருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். யுகி சாப்பாட்டு மேசையில் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இவர் மேலே பார்த்தபடி கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். கூரைக்குள் ஆள் இருக்கிறார்கள், காவடியை அறுக்கப் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்தார். யுகி பென்சிலால் மேசையைத் தட்டினாள். படிக்கும்போது எப்போதும் தட்டுவாள்.

“நீதான் அவனுங்களுக்கு சிக்னல் குடுக்கிறியா?”

காவடியின் நடுக் கம்பியை உருவிக்கொண்டு வந்தார். நான் அடுப்படி வாசலில் இருந்தேன். கம்பி மேலே போனதைப் பார்த்தேன். அது இறங்கும் இடம் என் பிள்ளையின் உச்சந்தலை. ஓடி இடது கையைக் குறுக்கே நீட்டினேன். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். கை பாதியில் மடங்கித் தொங்கியது. அடுத்த அடி மேசைக் கண்ணாடியில் விழுந்தது. மூன்றாவது அடி யுகியின் தோளில். அவள் நாற்காலியோடு விழுந்தாள். அவர் மறுபடியும் ஓங்கினார். எந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வேண்டினாரோ அந்தப் பிள்ளையைக் கொல்லப் போகிறார். நான் வலது கையால் சம்பல் இடிக்கிற கல்லை எடுத்து அவர் முழங்காலில் என் பலம் முழுவதையும் கூட்டி அடித்தேன். சரிந்தார். மறுபடி அடித்தேன். அடிக்கும்போது எனக்குப் பயமில்லை, வெறிதான் இருந்தது.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள், நிவேந்திரன் வந்தான், ராஜம்மாவும் வீரமுத்துவும் வந்தார்கள். காவடி சுற்றியிருந்த மஞ்சள் துணியாலேயே அவர் கையையும் காலையும் கட்டினார்கள். அவர் வாந்தி எடுத்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வீரமுத்து விபூதியை அள்ளி நெற்றியில் பூசி, இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது, கோயிலுக்குத் தூக்குங்கள், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் விரதம் கெட்டுவிடும் என்றார். இரண்டு பேர் தூக்கக் குனிந்தார்கள்.

நான் யுகியிடம் டின்னை எடுத்து வரச் சொன்னேன். தோளைப் பிடித்தபடியே எடுத்து வந்தாள். வாங்கித் தரையில் கவிழ்த்தேன். பச்சை மாத்திரைகள் உருண்டு வீரமுத்துவின் காலடியில் போய் நின்றன.

“இதுதான் ஒங்க சாமி. நான்தான் வாங்கி வச்சேன். நாப்பது நாளா இதத்தான் தின்னாரு. தெரிஞ்சும் நான் சொல்லல. ஆஸ்பத்திரிக்கு எடுங்க, இல்லன்னா செத்துருவாரு.”

ராஜம்மா என்னை அறைந்தார். முருகனைப் பழிக்கிறாயா என்று கேட்டு இன்னொன்றும் வைத்தார். நிவேந்திரன் மட்டும் குனிந்து ஒரு மாத்திரையை எடுத்துப் பார்த்தான். அவன் புருவத்தில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. மாமாவைத் தோளில் தூக்கித் தன் வேனில் போட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, என்ன சாப்பிட்டார் என்பதுதான். மாத்திரையைக் கொடுத்தேன். கொதிப்பு இருநூற்று முப்பதில் நின்றது. மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிணத்தைத்தான் பார்த்திருப்பீர்கள் என்றார். அந்த ஆறாம் நாளே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

உயிர் பிழைத்தார். வலது பக்கம் போய்விட்டது. பேச்சில் ஏழெட்டு வார்த்தைதான் மிச்சம், அதில் ஒன்று யுகி. அவளைப் பார்த்தால் அழுகிறார், அவள் அறைக்குள் போய்விடுகிறாள். நானும் உத்தமி இல்லை. குளிப்பாட்டும்போது சறுக்கி என் உடைந்த கையின் மேல் விழுந்தார், அறைந்தேன். சோற்றைத் துப்பினார், அறைந்தேன். பிறகு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நல்லவள் வேஷம் கட்ட இதை எழுதவில்லை.

இந்த வருஷப் பங்குனி உத்திரத்துக்குச் சக்கர நாற்காலி வண்டியில் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். இப்போது எண்பது கிலோகூட இல்லை. அந்தக் காவடியை வீரமுத்து கோயிலில் வைத்து மாலை போட்டிருந்தார். நாகமுத்துவைப் பார்த்ததும் சனம் கூடியது. ராஜம்மா பக்கத்தில் நின்று, சாமி தாங்காத உடம்பு என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குனிந்து இவருடைய செத்துப்போன வலது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. காலைத் தொடாதீர்கள், வந்தது சாமி இல்லை, உடம்பு மெலிய நான் வாங்கிய திருட்டு மாத்திரை, கொதிப்பு உள்ள மனுஷன் அதைத் தின்பது தெரிந்தும் தட்டில் முதல் குங்குமத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். வீரமுத்து மணியடிக்கப் போய்விட்டார். கூட்டம் கலைந்தது.

தண்ணீர்க் குழாய் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல புடவை, கொஞ்சம் பருமன். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, அந்த மாத்திரையில எத்தன கிலோ கொறைஞ்சாரு? எனக்கு ஜூன்ல கல்யாணம்லா. எங்க கெடைக்கும்?”

தகடு வைத்த கை தானாக மேலே போனது. அந்தப் பெண் ஓரடி பின்னால் போனாள். அறைந்திருப்பேன். சத்தியமாக அறைந்திருப்பேன். ஆனால் கீழே வண்டியில் ஏதோ அசைந்தது. நாகமுத்து தன் இடது கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். அடி அவருக்கு என்று நினைத்துவிட்டார்.

கையை இறக்கினேன். அந்தப் பெண்ணிடம், திங்கட்கிழமை கரீமா அக்கா கடைக்கு வா, முதலில் உன் கொதிப்பைப் பார்க்கட்டும், டாக்டரிடம் எழுதி வாங்காத எதையும் வாயில் போடாதே, நானும் கூட இருக்கிறேன் என்று சொன்னேன். அவள் சரி என்றாள். பிறகு வண்டியைத் திருப்பி, கல்லும் மண்ணுமான பாதையில் நிவேந்திரனின் வேனை நோக்கித் தள்ளினேன். இனி அடிக்க மாட்டேன் என்று குனிந்து அவர் காதில் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். வேன் கதவைத் திறக்கும் வரை அவர் கையை இறக்கவில்லை.